கம்பெனி சம்பாதிக்கிற காசு யாருக்கு எவ்வளவு போகுதுன்னு எப்படி கணக்கு போடுறது?

காக்கி_சட்டை_கோவை:
வணக்கம் நண்பர்களே, நான் கோயம்புத்தூர் பக்கம் ஒரு பெரிய கம்பெனில 6 வருஷமா காண்ட்ராக்ட்ல இருக்கேன். அதே மெஷின், அதே ஷிப்ட், பர்மனென்ட் ஆளுக்கு நீல சட்டை எனக்கு காக்கி, ஆனா சம்பளம் அவங்களுக்கு வர்றதுல பாதி கூட வராது. கம்பெனியோட ஆண்டறிக்கைய டவுன்லோட் பண்ணி பாத்தேன், உருவாக்கின மதிப்ப யார் யாருக்கு பிரிச்சு குடுத்தோம்னு ஒரு வட்டம் வரைஞ்சு ஊழியர்களுக்கு 12 சதவீதம்னு போட்டிருக்காங்க. அந்த 12ல நான் இருக்கேனா இல்லையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆடிட்_ஆபீஸ்:
அந்த வட்டம் ஜிஆர்ஐ 201-1 முறைப்படி போட்டதா இருக்கும் சகோ, அது கம்பெனிங்க அறிக்கை எழுத உலகம் முழுக்க பயன்படுத்துற ஒரு விதிமுறை. வர்ற வருமானம் மொத்தத்தையும் எடுத்துக்கிட்டு நடத்துற செலவு, ஊழியர் சம்பளம், கடன் குடுத்தவங்களுக்கும் ஷேர்காரங்களுக்கும் போறது, அரசாங்கத்துக்கு வரி, ஊருக்கு செய்றதுன்னு பிரிப்பாங்க, மிச்சம் கம்பெனி கைல. இதுல காண்ட்ராக்ட் ஆளுக்கு குடுக்கிற காசு நடத்துற செலவுல தான் சேரும், அதாவது இரும்பு, கரண்ட், லாரி வாடகையோட சேந்து நிக்கும். அதனால அந்த 12ல நீங்க இல்ல.

இன்னொரு விஷயம், விற்பனைல சதவீதம் பாத்தா ஒண்ணும் புரியாது. ஒரு உதாரணத்துக்கு வருமானம் 1000 கோடி, வெளிய வாங்கின பொருளும் சேவையும் 650 கோடின்னா அந்த கம்பெனி தானா கூட்டின மதிப்பு 350 தான். சம்பளம் 120, வட்டி 20, வரி 45, டிவிடெண்ட் 40, தேய்மானத்தோட சேத்து மிச்சம் 125. இப்ப சம்பளத்தோட பங்கு 12 இல்ல, 34 சதவீதம். அந்த 650க்குள்ள காண்ட்ராக்ட் கூலி 30 கோடி இருந்தா அதையும் வெளிய எடுத்து கூட்டின மதிப்பு 380னு வெச்சு பாருங்க, உழைச்சவங்களுக்கு போனது 150. பிரேசில்ல 2007 சட்டத்துக்கு அப்புறம் ஷேர் மார்க்கெட்ல லிஸ்ட் ஆன கம்பெனி எல்லாம் இந்த மாதிரி மதிப்பு பகிர்வு அறிக்கை குடுத்தே ஆகணும், நம்ம ஊர்ல நாமளே தோண்டி எடுக்கணும்.

லேத்_பட்டறை:
சப்ளையருக்கு எவ்வளவு போச்சுன்னு மட்டும் பாக்காதீங்க, எப்ப போச்சுன்னும் பாருங்க. நான் ஜாப் ஒர்க் பண்ணி குடுத்த பில்லுக்கு ஒரு எடத்துல 140 நாள் கழிச்சு காசு வந்துச்சு, அதுவரைக்கும் கூலிக்கு நான் வட்டிக்கு வாங்கி குடுத்தேன், ஆனா அவங்க அறிக்கைல முழுசா குடுத்ததா தான் இருக்கும். சட்டப்படி சிறு தொழிலுக்கு 45 நாளைக்குள்ள குடுக்கணும். ஷேர் மார்க்கெட்ட கண்காணிக்கிற செபி கேக்குற பிஆர்எஸ்ஆர்ங்கிற பொறுப்பு அறிக்கைல பாக்கி நிக்கிற நாள் கணக்கு தனியா வரும், அத தேடி பாருங்க.

காக்கி_சட்டை_கோவை:
ரொம்ப நன்றி அண்ணா ரெண்டு பேருக்கும். நைட்டு உக்காந்து பாத்தேன், இதர செலவுகள் குறிப்புல காண்ட்ராக்ட் லேபர்னு ஒரே ஒரு வரி, செக்யூரிட்டி செலவுக்கு மேல. பிஆர்எஸ்ஆர்ல தொழிலாளர் எண்ணிக்கைய பர்மனென்ட், பர்மனென்ட் அல்லாதவர்னு பிரிச்சு குடுத்திருக்காங்க, எங்க ஆளுங்க தான் பாதிக்கு மேல. அந்த வரில இருக்கிற தொகைய தலைக்கு வகுத்து பாத்தா, அதுல காண்ட்ராக்டர் கமிஷனும் சேந்திருக்குமே, எங்க கைக்கு வர்றது அதுலயும் கம்மி.

ஆடிட்_ஆபீஸ்:
கரெக்டா புடிச்சிட்டீங்க. ஒரே ஒரு ஷேர் வாங்கி வெச்சா போதும், ஏஜிஎம்ல, அதாவது ஷேர்காரங்களோட ஆண்டு கூட்டத்துல, பேச பேர் பதிவு பண்ணிட்டு அந்த காண்ட்ராக்ட் லேபர் தொகையையும் ஆள் எண்ணிக்கையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு கேக்கலாம்.