894.811 வரிசையில் இடமே இல்லை, எப்படி நகர்த்துவது?

எங்கள் ஊர் வாசகசாலையில் டியூயி தசம முறைப்படி, அதாவது பொருள்வாரியாக எண் கொடுத்து, நூல்களை அடுக்குகிறோம். சிக்கல் 894.811, அதாவது தமிழ் இலக்கியத்தில். நாவல் வரிசையில் ஒரு புத்தகத்தை உருவினால் பக்கத்துப் புத்தகமும் அட்டை கிழிந்து கூடவே வருகிறது. 500, 600 எண் (அறிவியல், தொழில்நுட்பம்) ரேக்குகளோ பாதி காலி.

இருப்பது 12 இரும்பு ரேக், ஒவ்வொன்றிலும் ஆறு தட்டு. புதிது போட இடமில்லை, மேற்குச் சுவரில் ஓதம் வேறு. பழைய போட்டித் தேர்வு கைடுகளைக் கழித்தோம், பைண்டு செய்த இதழ்களைப் பரணில் ஏற்றினோம். அப்புறம் நூல்களைப் படுக்கவைத்தும் பார்த்தோம். முதுகு விட்டுப்போனதுதான் மிச்சம்.

ஆண்டுக்குச் சுமார் 100 நூல் வரும், பெரும்பாலும் நாவல்தான். மே மாதம் ஒரு வாரம் மூடிவிட்டு மொத்தமாக நகர்த்தலாம் என்றிருக்கிறோம்.

எல்லாத் தட்டிலும் சமமாகக் கால்வாசி காலி விடுவதா, இல்லை காலியிடம் முழுவதையும் 894.811-க்கே கொடுத்துவிடுவதா?