ஹவாய் பப்பாளி விதை நம் தோட்டத்து நோயைத் தாங்குமா?

கேள்வி – தோட்டக்காரன்:
எங்கள் பப்பாளி மரங்களில் பாதிக்கு மேல் வளையப்புள்ளி நோய் கண்டுவிட்டது. இலைகள் தேமலாகிச் சுருங்கின. காய்களிலும் வளையங்கள் விழுந்துள்ளன. அசுவினிக்கு மருந்தடித்தும் பயனில்லை. ஹவாயில் மரபணு மாற்றிய ‘ரெயின்போ’ பப்பாளி இதே நோயைத் தாங்கி வளர்வதாகப் படித்தேன். அந்த விதை இங்கும் பலன் தருமா?

மறுமொழி – செம்மண்:
மருந்து தோற்றதில் வியப்பில்லை. அசுவினியின் வாயூசியில் ஒட்டிக்கொண்டு வரும் இந்நோயின் வைரஸ், பூச்சி இலையைக் குத்திச் சுவைபார்க்கும் சிறு பொழுதிலேயே செடிக்குள் போய்விடுகிறது. மருந்தால் பூச்சி சாவதற்குள் நோய் தொற்றிவிடும். ஹவாயின் பூனா பகுதியில் 1992இல் இந்நோய் நுழைந்தபோது, நோயுற்ற மரங்களை வெட்டியும் அது அடங்கவில்லை. தாவர நோயியல் அறிஞர் டென்னிஸ் கொன்சால்வஸ் குழுவினர் 1980களிலேயே தொடங்கியிருந்த ஆய்வுதான் அப்போது கைகொடுத்தது. வைரஸைப் போர்த்தியிருக்கும் உறைப் புரதத்துக்கான மரபணுவை, நுண்துகள்களில் பூசிச் சுடும் மரபணுத் துப்பாக்கியால் பப்பாளித் திசுவுக்குள் செலுத்தி உருவாக்கிய ‘சன்அப்’, அதனுடன் உள்ளூர் ரகமான ‘கபோஹோ’வைக் கலந்து பெற்ற ‘ரெயின்போ’ ஆகியவற்றின் விதைகள் 1998 மே மாதம் விவசாயிகளுக்கு இலவசமாகவே வழங்கப்பட்டன.

மறுமொழி – இலைநரம்பு:
அந்த விதை இங்கே பலன் தரும் என்று நம்பி இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. மரத்தைக் காப்பது உறைப் புரதம் என்று தொடக்கத்தில் எண்ணினார்கள். உண்மையில், செலுத்தப்பட்ட மரபணுவின் ஆர்.என்.ஏ.வை (மரபணுச் செய்தியைத் தாங்கும் மூலக்கூறை) அடையாளம் கண்டுகொண்ட செடி, அதே எழுத்து வரிசை கொண்ட வைரஸ் ஆர்.என்.ஏ. நுழையும்போதெல்லாம் அதையும் துண்டாடிவிடுகிறது. ஆகவே வரிசை ஒத்துப்போக வேண்டும். அம்மரபணு எடுக்கப்பட்டதோ ஹவாய் வைரஸிலிருந்து; கலப்பினமான ரெயின்போவில் அம்மரபணுவின் ஒரு நகல் மட்டுமே இருப்பதால், ஹவாய் வைரஸைத் தாங்கும் அதே மரம் வேறு நாடுகளிலிருந்து வந்த சில வகைகளுக்குப் பணிந்துவிட்டது. நம் மண்ணின் வைரஸுக்கு அதிலிருந்தே மரபணு எடுத்தாக வேண்டும். தவிர, மரபணு மாற்றிய பப்பாளியைப் பயிரிட இந்தியாவில் அனுமதியும் இல்லை.

மறுமொழி – செம்மண்:
இலைநரம்பு சொல்வது சரி. அனுமதியைப் பொறுத்தவரை, ரெயின்போவை ஜப்பான் ஏற்கவே 2011 ஆயிற்று. இப்போதைக்கு நோயுற்ற மரங்களை வேரோடு அகற்றிவிட்டு, அடுத்த நடவுக்கு முன்பே தோட்டத்தைச் சுற்றி மக்காச்சோளத்தை நெருக்கமாக விதையுங்கள். வரும் அசுவினி முதலில் அதைக் குத்தினால், வாயூசியில் இருக்கும் வைரஸில் பெரும்பகுதி அங்கேயே கழிந்துவிடும்.