கறிவேப்பிலை அழகி கட்டுரை: படம், உரிமம், கூட்டுத் தொகுப்பு பற்றிச் சில ஐயங்கள்

நுணாமரம்:
வணக்கம். தமிழ் விக்கிப்பீடியாவில் கறிவேப்பிலை அழகி (பாப்பிலியோ பாலிடெஸ்) என்ற வண்ணத்துப்பூச்சியைப் பற்றிய கட்டுரையை நால்வர் சேர்ந்து விரிவாக்குகிறோம். பெண் பூச்சிக்கு மூன்று விதமான படங்கள் கிடைக்கின்றன. எதை வைப்பது? உயிரினப் படங்களைப் பலர் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தின் படங்களை எடுத்துக்கொள்ளலாமா? வீட்டுச் செடியில் புழு கூட்டுப்புழுவாக ஆன நாள் கணக்கு எங்களிடம் இருக்கிறது, அதைச் சேர்க்கலாமா? நால்வரும் ஒரே மாலையில் உட்கார்ந்தால் ஒருவர் சேமிப்பு மற்றவர் சேமிப்போடு மோதும் தொகுத்தல் முரண்பாடு வந்துவிடுகிறது. வழி சொல்லுங்கள்.

ஆடாதோடை:
மூன்றும் சரியாகவே இருக்கலாம். இந்தப் பூச்சியின் பெண்ணுக்கு மூன்று வடிவம் உண்டு. சைரஸ் வடிவம் ஆணைப் போலவே இருக்கும். ஸ்டிக்கியஸ் வடிவம் ரோஜா அழகி என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சியைப் போலவும், ரொமுலஸ் வடிவம் சிவப்புடல் அழகி என்ற இன்னொன்றைப் போலவும் இருக்கும். கட்டுரையின் ஓரத்திலுள்ள வகைப்பாட்டுப் பெட்டியில் ஆணின் படத்தை வையுங்கள். பெண் வடிவங்களைத் தனிப் படத்தொகுப்பாக்கி, ஒவ்வொன்றின் கீழும் வடிவத்தின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள்.

இறக்கையை மட்டும் பார்த்துப் படத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ரோஜா அழகிக்கும் சிவப்புடல் அழகிக்கும் உடலில் பளிச்சென்ற சிவப்பு இருக்கும்; கறிவேப்பிலை அழகிக்கு உடல் கறுப்பு. உடல் தெரியாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேமிக்கும் பொதுவகத்தில் படத்தின் பகுப்பு தவறியிருந்தால் அங்கேயே திருத்திவிட்டு, காரணத்தைக் கோப்பின் பேச்சுப் பக்கத்தில் எழுதுங்கள். அப்படியே விட்டால் அந்தப் படம் எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான தரவுத்தளமான விக்கித்தரவுக்குப் போய், அங்கிருந்து படம் எடுக்கும் மற்ற மொழிக் கட்டுரைகளிலும் ஏறிவிடும்.

படம் மாறினால் உணவுச் செடியும் மாறிப்போகும், அதுதான் பெரிய சேதம். ஆடுதின்னாப்பாளையும் பெருமருந்துக் கொடியும் ரோஜா, சிவப்புடல் அழகிகளின் புழுக்களுக்கு உரியவை. அந்தச் செடிகளின் நஞ்சு உடலில் சேர்வதால்தான் பறவைகள் அவற்றைத் தவிர்க்கின்றன. நம் பூச்சியின் புழு தின்பது கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம். நஞ்சில்லாத பெண் பூச்சி நஞ்சுள்ளதன் வேடத்தில் தப்பிக்கிறது. இதன் உணவுப் பட்டியலில் ஆடுதின்னாப்பாளையைச் சேர்த்துவிட்டால், இப்படி வேடம் போடும் ஒப்புப்போலி பற்றிக் கீழே எழுதும் பத்தி முழுவதும் பொருளற்றதாகிவிடும்.

வெட்டிவேர்:
உரிமம் பற்றி: ஐநேச்சுரலிஸ்டில் இயல்பாக அமைவது வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமம். பொதுவகம் அதை ஏற்காது, நீக்கிவிடுவார்கள். படத்தின் உரிம வரியைப் பாருங்கள்: கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களான சிசி பை, சிசி பை-எஸ்ஏ, சிசி ஜீரோ என்றிருந்தால் ஏற்றலாம். வேறு உரிமமாக இருந்தால், அந்தப் படத்துக்கு மட்டும் உரிமத்தை மாற்றித் தரும்படி எடுத்தவரிடம் கேளுங்கள். அவர் மாற்றிய பிறகே ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பில் "தாராளமாக எடுத்துக்கோங்க" என்று சொன்னது போதாது.

நாள் கணக்கைச் சேர்க்க முடியாது. உங்கள் கணக்கு சரியாகவே இருக்கலாம், ஆனால் வெளியிடப்படாத அவதானிப்புக்குக் கட்டுரையில் இடமில்லை. அதை ஓர் ஆய்விதழுக்கோ இயற்கைச் செய்திமடலுக்கோ குறிப்பாக அனுப்புங்கள். அச்சேறிய பின் வேறொருவர் மேற்கோளாகச் சேர்க்கட்டும்.

இறக்கை விவரிப்புக்கு பிங்கம் எழுதிய பிரித்தானிய இந்திய விலங்கினத் தொகுதி நல்ல ஆதாரம். 1907இல் வந்த இரண்டாம் தொகுதியில்தான் அழகிகள் குடும்பம் இருக்கிறது. பதிப்புரிமை முடிந்துவிட்டது, பல்லுயிர் மரபு நூலகத்தில் மின்வருடல் கிடைக்கும். ஆனால் அதிலுள்ள அறிவியல் பெயர்கள் பழையவை. விவரிப்பை எடுத்துக்கொண்டு பெயரை இன்றைய பட்டியலோடு சரிபாருங்கள். ஒப்புப்போலிக்கு, டபுள்செக்ஸ் மரபணுவே பெண்ணின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்று காட்டி 2014இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரையை விட்டுவிடாதீர்கள்.

அறிவியல் பெயருக்குப் பின் அதை வைத்தவரின் பெயரை எழுதும்போது அடைப்புக்குறியிலும் பலர் தவறுகிறார்கள். லின்னேயஸ் 1758இல் வைத்த பாப்பிலியோ என்ற பேரினத்திலேயே இது இன்றும் இருப்பதால் "லின்னேயஸ், 1758" என்று அடைப்பு இல்லாமல் வரும். சிவப்புடல் அழகி இப்போது பாக்லியாப்டா பேரினத்துக்கு மாறிவிட்டதால் அங்கே "(லின்னேயஸ், 1758)".

கூட்டுப்புழு:
முரண்பாட்டுக்கு: முழுப் பக்கத்தையும் திறக்காமல், உங்கள் பங்கான பத்தித் தலைப்புக்கு அருகிலுள்ள "தொகு" வழியாக மட்டும் நுழையுங்கள். யாருக்கு எந்தப் பத்தி என்று முதலிலேயே பேச்சுப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். நீளமாக எழுதுவதை உங்கள் பயிற்சிப் பக்கமான மணல்தொட்டியில் எழுதி எடுத்து வாருங்கள். வாக்கியத்தையும் அதன் மேற்கோளையும் ஒரே சேமிப்பில் போடுங்கள். பிறகு சேர்க்கலாம் என்று விட்டால் எந்த வரிக்கு எந்த நூல் என்பது கலந்துபோகும்.

ஆங்கிலக் கட்டுரையிலிருந்து மொழிபெயர்த்தால் தொகுப்புச் சுருக்கத்தில் அந்தப் பக்கத்தின் இணைப்பைக் கொடுங்கள். விக்கிப்பீடியாவின் உரிமம் அதைக் கோருகிறது. அங்குள்ள மேற்கோளைத் திறந்து படிக்காமல் அப்படியே நகர்த்தவும் கூடாது.

நுணாமரம்:
மிக்க நன்றி. இன்னொன்று: துணையினம் ரொமுலஸ் என்று ஒரு பட்டியலில் பார்த்தோம். அது பெண் வடிவத்தின் பெயரல்லவா?

ஆடாதோடை:
இரண்டும் உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள துணையினத்தின் பெயர் பாப்பிலியோ பாலிடெஸ் ரொமுலஸ். அதே பெயர் ஒரு பெண் வடிவத்துக்கும் இருக்கிறது. ஆகவே ஆணும் சைரஸ் பெண்ணும்கூட ரொமுலஸ் துணையினம்தான். பெட்டியில் துணையினம் என்றும், படக்குறிப்பில் "ரொமுலஸ் வடிவப் பெண்" என்றும் பிரித்தெழுதுங்கள்.