ஏழாம் வகுப்புக்கு யோசிக்க வைக்கும் கேள்விகள் வேண்டும்

வணக்கம். அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். போன வாரம் பாடப்புத்தகத்தை மூடிவிட்டு 6174-ஐக் கரும்பலகையில் எழுதினேன். இந்த எண்ணின் விசேஷத்தை 1949-இல் அறிவித்தவர் கப்ரேக்கர் என்ற இந்தியக் கணிதவியலாளர். அவரும் மகாராஷ்டிராவின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான்!

எல்லாம் ஒரே இலக்கமாக இல்லாத ஒரு நான்கு இலக்க எண்ணை எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் அடுக்கிக் கழிக்க வேண்டும். வந்த விடையிலும் அதையே செய்ய வேண்டும். 3524 என்றால் 5432 - 2345 = 3087, அடுத்து 8352, அப்புறம் 6174. ஏழு தடவைக்குள் எல்லோரும் அங்கேதான் வந்து நிற்பார்கள். வகுப்பே அமளி. ஒரு பெண் "மூணு இலக்கத்துக்கும் இப்படி வருமா சார்?" என்றாள். போட்டுப் பார் என்றேன். மறுநாள் 495-ஓடு வந்தாள். இரண்டு இலக்கத்தில் 9 (அதை 09 என்று எடுக்க வேண்டும்), 81, 63, 27, 45, மறுபடி 9 என்று சுற்றிக்கொண்டே இருப்பதையும் அவளே பிடித்திருந்தாள்.

ஆனால் கடைசி பெஞ்சிலிருந்து வழக்கமான கேள்வி: "இது பரீட்சைக்கு வருமா சார்?"

சாக்பீஸும் நோட்டும் மட்டும் போதுமான இந்த மாதிரி விஷயங்கள் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். வடிவியலுக்கு ஏதாவது கிடைத்தால் ரொம்ப நல்லது. இன்னொன்று, தப்பாகிவிடுமோ என்று வாயே திறக்காத பிள்ளைகளை எப்படிப் பேச வைக்கிறீர்கள்? விடையை முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லச் சொன்னேன். அது சினிமாக் கதையில் போய் முடிந்தது.