பங்காளிகள் வீடு: பெரும்பான்மை முடிவு ஏன் நிலைப்பதில்லை?

கேள்வி (தேவகோட்டையிலிருந்து)

ஐயா கட்டிய வளவு (நடுமுற்றம்) வைத்த வீடு இப்போது சம பங்குள்ள மூன்று கிளைப் பங்காளிகளுக்குப் பொது. இரண்டாம் கட்டில் ஓடு சரிந்து, மழைநீர் இறங்கிக் காரைச் சுவர் உப்பிக்கொண்டு வருவதால் இனியும் தள்ளிப்போட இயலாது. மூத்த கிளையார் பழுது பார்த்து நாமே வைத்துக்கொள்வோம், இல்லையேல் விடுதிக்குக் குத்தகைக்கு விடலாம், விற்கவே கூடாது என்கிறார்கள். நடுக் கிளையாருக்குக் குத்தகையே முதல் விருப்பம்; அடுத்தது விற்பனை, வைத்துக்கொள்வது கடைசி. இளைய கிளையாரோ விற்கலாம், இல்லாவிட்டால் வைத்துக்கொள்ளலாம், குத்தகை மட்டும் கூடாது என்கிறார்கள். யாரும் சொல் மாறவில்லை. ஆனாலும் கூட்டத்துக்குக் கூட்டம் முடிவு மாறுகிறது. இதற்கு நியாயமான வாக்கு முறை உண்டா?

மறுமொழி 1 (காரைக்குடியிலிருந்து)

இரண்டிரண்டாக வைத்துப் பாருங்கள் அண்ணே. வைத்துக்கொள்வது குத்தகையை இரண்டுக்கு ஒன்றாக வெல்கிறது. குத்தகை விற்பனையை வெல்கிறது. விற்பனையோ வைத்துக்கொள்வதை வென்றுவிடுகிறது. பிரான்சின் கணித அறிஞர் கோந்தோர்சே 1785-இல் எடுத்துக்காட்டிய சுழல் இதுதான். ஆகவே எந்த இரண்டை முதலில் வாக்குக்கு விடுவது என்று தீர்மானிப்பவரே முடிவையும் தீர்மானித்துவிடுகிறார். போர்தா முறை எனப்படும் இடவாரி மதிப்பெண் முறைப்படி முதலிடத்துக்கு 2, இரண்டாமிடத்துக்கு 1, கடைசிக்கு 0 என மதிப்பெண் கொடுத்தாலும் மூன்றுக்கும் 3 என்று சமமாகவே வரும். தேர்வுகள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால், விருப்ப வரிசைகளை மட்டும் கொண்டு சில எளிய நியாயங்கள் அனைத்தையும் எப்போதும் காக்கும் முறை இருக்க முடியாது என்று பொருளியலாளர் கென்னத் ஆரோ 1951-இல் நிறுவினார். எனவே குறை உங்கள் பங்காளிகளிடம் இல்லை.

மறுமொழி 2 (கானாடுகாத்தானிலிருந்து)

தம்பி சொன்ன கணக்கு சரி. ஆனால் வரிசை மட்டும் போதாது, யாருக்கு எவ்வளவு இழப்பு என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே பொருளியலாளர் அமர்த்தியா சென் 1970 முதல் வலியுறுத்திவந்தது. இளைய கிளையார் குத்தகையை ஏன் மறுக்கிறார்கள் என்று கேட்டீர்களா?

கேள்வி கேட்டவர்

கேட்டோம் ஆச்சி. வெளியார் புழங்கும் வீட்டில் படைப்பு (முன்னோருக்குப் படையலிட்டு வழிபடுவது) எப்படி நடக்கும் என்பதே அவர்கள் கவலை; பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

மறுமொழி 2 (மீண்டும்)

அப்படியானால் வழி இருக்கிறது. சாமி அறையையும் படைப்பு நாட்களில் வளவையும் பங்காளிகளுக்கே ஒதுக்கிக் குத்தகைப் பத்திரம் எழுதுவதாகச் சொல்லிப் பாருங்கள். அதனால் இளைய கிளையாருக்குக் குத்தகை இரண்டாம் விருப்பமாக உயர்ந்தால், அது மற்ற இரண்டையும் இரண்டுக்கு ஒன்றாக வென்றுவிடும், சுழலும் அறுந்துபோகும். தேர்வுகளை ஒரே கோட்டில் வரிசைப்படுத்த முடிந்து, ஒவ்வொருவரின் விருப்பமும் ஒரே உச்சியிலிருந்து இருபுறமும் இறங்கினால் நடுவில் நிற்பவரின் முடிவு நிலைக்கும் என்று பொருளியலாளர் டங்கன் பிளாக் 1948-இல் காட்டியது இதற்கு அப்படியே பொருந்துகிறது.

முதல் விருப்பத்தை இழக்கும் மூத்த கிளையாரையும் விட்டுவிடக் கூடாது. வென்றவர் தோற்றவருக்கு ஈடு கொடுக்க இயலும் என்றாலே போதும் என்று பொருளியலாளர்கள் கால்டரும் ஹிக்ஸும் 1939-இல் எழுதினார்கள். அதை நான் ஏற்கவில்லை. ஈட்டைக் கையில் கொடுக்க வேண்டும். குத்தகைப் பணத்தில் முதல் செலவு இரண்டாம் கட்டு ஓட்டுக்கும் சுவருக்கும் என்று பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.