ஸ்பிட்ஃபயர், எம்ஜி, ஹெரால்டு வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கவென்ட்ரி, ஸ்பிட்ஃபயர் 1500:

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா என்று மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன், வைத்திருக்கும் மற்றவர்களும் உங்களுக்கு நடந்ததைக் கீழே சேருங்கள்.

என்னுடையது 1978ஆம் வருட ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், 1493 சிசி, துணிக்கூரை. 2013இல் வாங்கினேன். வேலைக்காக நான் வந்து சேர்ந்த இங்கிலாந்தின் இதே கவென்ட்ரியில், கான்லி தொழிற்சாலையில் செய்த வண்டி என்பதே அதை வாங்கத் தூண்டிய முதல் காரணம். இரண்டாவது காரணம் அப்பாவின் ஹெரால்டு, ட்ரையம்ஃப் ஹெரால்டு காரின் இந்திய வடிவம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

வாங்கப் போன அன்று வண்டி புதுப் பெயின்ட்டில் பளபளவென்று நின்றது. இன்ஜினை ஓடவிட்டுக் கேட்டேன், ஒரு சுற்று ஓட்டினேன், அன்றைக்கே பணத்தைக் கொடுத்துவிட்டேன். கதவுக்கும் அதன் பின்னால் இருக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளி கீழே விரல் நுழையும் அளவுக்கு இருந்தது, மேலே தகடும் தகடும் உரசிக்கொண்டிருந்தன. அதைக் கண்ணால் பார்த்தேன், ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது தெரியவில்லை. வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஹெரால்டின் சேஸிஸையே குட்டையாக்கித்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள், ஆனால் ஹெரால்டில் பக்கவாட்டில் ஓடும் சேஸிஸ் சட்டம் இதில் கிடையாது. அந்தப் பாரத்தைக் கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை போகும் தகரப் பெட்டிதான், இங்கே சில் என்கிறார்களே, அதுதான் தாங்குகிறது. அது துருப்பிடித்தால் வண்டிக்கு முதுகெலும்பில் பாதி போன மாதிரி. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து அங்கே வைத்துப் பார்த்தேன். ஒரு அடி நீளத்துக்கு ஒட்டவே இல்லை, உள்ளே முழுக்கப் பட்டி.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். ஒரு ஷெட்டில் விட்டேன். கதவைக் கழற்றி வைத்துவிட்டு, குறுக்கே எந்த முட்டும் கொடுக்காமல் பழைய சில்லை வெட்டி எடுத்துப் புதியதை வெல்டிங் செய்துவிட்டார்கள். திரும்பக் கதவை மாட்டினால் மூடவில்லை, ஏனென்றால் வெட்டிய நேரத்தில் வண்டி இன்னும் கொஞ்சம் மடங்கி, அந்த நிலையிலேயே பற்றவைக்கப்பட்டுவிட்டது. வேறொரு வெல்டர் அதையெல்லாம் பிரித்து, கதவு வாசலில் முன்னும் பின்னும் பிடிக்கும்படி இரும்புக் குழாயைக் குறுக்காகப் பற்றவைத்து, இடைவெளியைச் சரிபார்த்துச் சரிபார்த்து மறுபடி செய்து கொடுத்தார். வண்டி வாங்கிய விலையில் பாதிக்கு மேல் அதிலேயே போனது. ஆகவே வாங்கப் போகிறவர்கள் இன்ஜினைக் கடைசியில் பாருங்கள். இன்ஜினை ஒரு சனி ஞாயிறில் இறக்கிவிடலாம், பாடி அப்படியில்லை.

இப்போது அப்பா கதை. தாம்பரத்தில் எங்கள் வீட்டில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1961 முதல் அந்த வண்டியைச் செய்துகொண்டிருந்தார்கள், இளைய வாசகர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பா அதை விற்றார். ஹெரால்டையும் ஸ்பிட்ஃபயரையும் வடிவமைத்தவர் ஒருவரே, இத்தாலியைச் சேர்ந்த ஜோவான்னி மிகெலோட்டி. இரண்டிலும் பானட் மட்டும் தனியாகத் திறக்காது, மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். திறந்தால் முன்சக்கரங்கள் இரண்டும் வெட்டவெளியில் நிற்கும், இன்ஜினுக்குப் பக்கத்தில் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

2016 கோடையில் அப்பா இங்கே வந்தார். மறுநாள் காலையில் காபி டம்ளரோடு வெளியே வந்தவர் பானட்டைத் தூக்கச் சொன்னார், தூக்கியதும் ஒரு வார்த்தை பேசாமல் போய் வலது டயர் மேல் உட்கார்ந்தார், முப்பது வருடம் முன்னால் தாம்பரத்தில் உட்கார்ந்த அதே மாதிரி. அப்புறம் குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிவிட்டு, “ட்ரனியனுக்கு ஆயில் விடுறியாடா?” என்றார். வருடா வருடம் சர்வீஸ் கொடுக்கிறேன், கிரீஸ் அடிக்கிறார்கள் என்றேன். “கிரீஸா? அதுக்கு 90 ஆயில்னா விடணும். பல்லாவரத்துல ரிவர்ஸ் எடுக்கும்போது சக்கரம் மடிஞ்சு படுத்துடுச்சு, உனக்கு ஞாபகம் இல்லை. ஒரு பயல் கிரீஸ் அடிச்சுத்தான் அப்படி ஆச்சு.”

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் தண்டின் கீழ்முனையில் மரை இருக்கும், அது ட்ரனியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டீரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் இந்த மரைதான் சுழல்கிறது. இதற்கு 6000 மைலுக்கு ஒரு முறை கியர் ஆயில் (அப்பா சொன்ன 90 ஆயில்) விடவேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்திலேயே இருக்கிறது. கிரீஸ் கெட்டியானது என்பதால் மரையின் அடிவரை இறங்காது, நாளடைவில் இறுகி வழியையே அடைத்துவிடும். அடியில் தண்ணீர் நின்று தண்டு துருப்பிடிக்கும், ஒரு நாள் ஸ்டீரிங்கை முழுதாக ஒடித்து நிறுத்தும்போது பட்டென்று முறியும். அந்த வாரமே இரண்டு பக்கமும் கழற்றினோம். இடது பக்கம் பரவாயில்லை. வலது பக்கம் கிரீஸ் கருப்பு மெழுகு மாதிரி வந்தது, துடைத்துப் பார்த்தால் தண்டைச் சுற்றிப் பள்ளமாகத் துரு. அந்த வண்டியில்தான் முந்தைய மாதம் என் மகளை உட்காரவைத்து எம்40 நெடுஞ்சாலையில் லண்டன் போய்வந்தேன். நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

புதுத் தண்டு, புது ட்ரனியன் இரண்டு பக்கமும் போட்டோம். இடது வலது மாறக்கூடாது, மரை எதிரெதிராக ஓடும். அப்பாவே திருகினார். வேலை முடிந்த அன்று அவரைக் கான்லி கூட்டிப் போனேன். 1980 ஆகஸ்டில் ஸ்பிட்ஃபயரை நிறுத்தினார்கள், அதே வருடம் அங்கே கார் செய்வதும் நின்றது, இப்போது அலுவலகக் கட்டடங்கள்தான். ஆனால் அங்கே ஒரு தெருவுக்கு ஹெரால்டு அவென்யூ என்று பெயர். பலகையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றார். நானும் இறங்கினேன்.

1500 இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. கிராங்க் தண்டு (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பவை அரைநிலா வடிவத்தில் இரண்டு வாஷர்கள்தான். தேய்ந்தால் கழன்று கீழே விழும், பிறகு கிராங்க் பிளாக்கையே உரசித் தின்னும். ஒருவர் கிளட்சை மிதிக்க மற்றவர் முன்னால் நின்று கிராங்கின் முனையில் இருக்கும் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நகர்ந்தால் ஓட்டாதீர்கள். காலத்தில் பிடித்தால் இன்ஜினை இறக்காமலே சம்பைக் (இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) கழற்றி மாற்றிவிடலாம். சிக்னலில் கிளட்சை மிதித்துக்கொண்டே நிற்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், அந்த அழுத்தம் முழுவதும் இந்த வாஷர் மேல்தான் விழுகிறது.

லெஸ்டர், 1969 எம்ஜிபி ரோட்ஸ்டர்:

அண்ணா, உங்கள் ட்ரனியன் கதையைப் படித்துவிட்டு என் வண்டியின் கிங்பின்னுக்குப் (முன்சக்கரம் திரும்பும் தண்டு) போய் கிரீஸ் அடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். எம்ஜிபிக்கு அங்கே கிரீஸ்தான், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

என் அனுபவம் முழுக்க வயரிங். வாங்கிய முதல் குளிர்காலம், நவம்பர் மாதம், நல்ல மழை, ஏ46 சாலையில் இரவு எட்டு மணிக்கு வந்துகொண்டிருக்கிறேன். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் சேர்ந்து மங்கலாக எரிகிறது, இண்டிகேட்டரைப் போட்டால் பின்விளக்கு விட்டு விட்டு எரிகிறது. இந்தக் காலத்து வண்டிகளின் வயரிங் குப்பை என்று எல்லோரும் சொல்லிக் கேட்டிருந்ததால் மொத்த வயரிங்கையும் மாற்றத் தயாராகிவிட்டேன். கடைசியில் பார்த்தால் பின்விளக்கின் எர்த் வயர் பிடிக்கும் இடத்தில் துரு. கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் பக்கத்து பல்பு வழியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை இறுக்கி, மேலே வாசலின் தடவினேன், பதினைந்து நிமிட வேலை. அதன்பிறகு ஒரு முழு வாரம் செலவழித்து வண்டியில் இருக்கும் எல்லா எர்த்தையும் ரப்பர் உறைக்குள் இருக்கும் புல்லட் கனெக்டர்களையும் (வயரும் வயரும் சேரும் இடம்) ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தேன், ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டேன். ஆறு வருடமாக விளக்கு ஒரு முறைகூடத் தகராறு செய்யவில்லை.

நிறத்தைத் தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். கருப்பு எர்த், பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை சாவி போட்டால் உயிர்வருவது, பச்சை அதே கரண்ட் ஃபியூஸ் வழியாக வருவது, ஊதா ஃபியூஸ் வழியாக எப்போதும் இருப்பது, நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் விளக்கு. அக்காலத்துப் பிரிட்டிஷ் வண்டி பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

இன்னொரு விஷயம், ரோட்டர், அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றி ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் துண்டு. புதிதாக வாங்கிப் போட்ட ரோட்டர் ஒன்று முந்நூறு மைலில் என்னை நடுவழியில் நிறுத்தியது. உள்ளே ஆணி அடித்துப் பிடித்திருந்த இடம் வழியாகக் கரண்ட் நேராகத் தண்டுக்குக் கசிந்துவிட்டது. நல்ல வேளை, கழற்றிப் போட்ட பழையது டிக்கியில் கிடந்தது, அதை மாட்டிக்கொண்டு வீடு வந்தேன். ஓடிக்கொண்டிருக்கும் பழைய பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள்.

சென்னை, ஸ்டாண்டர்டு ஹெரால்டு:

கவென்ட்ரி ஐயா, உங்கள் அப்பா பெயரைச் சொல்ல வேண்டாம், ஆனால் தாம்பரத்தில் ஹெரால்டு என்றதும் எந்தத் தெரு என்று கேட்க வாய் வருகிறது.

இங்கே என் கஷ்டம் உதிரிபாகம். புதுப்பேட்டையில் பத்து வருடம் முன்னால்வரை ஹெரால்டு சாமான் அங்கங்கே கிடைத்தது, இப்போது கதவுக் கைப்பிடி, கண்ணாடி மாதிரி ஏதாவது கிடைத்தால் உண்டு. ட்ரனியனை லேத்தில் கடைந்து தருகிறேன் என்று ஒருவர் சொன்னார், கடைந்தும் தந்தார், பார்வைக்கு அச்சு அசலாக இருந்தது. ஆனால் மரையில் ஆட்டம். ஸ்டீரிங்கை ஒடித்தால் கடகடவென்று கையில் தெரிந்தது. புஷ், பின், பிராக்கெட் எல்லாம் லேத்தில் தாராளமாகச் செய்துகொள்ளலாம், சக்கரம் தொங்கும் சாமானை மட்டும் செய்யாதீர்கள் என்பதுதான் நான் கற்றது. இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயருக்காக இன்னும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், தம்பி ஊருக்கு வரும்போது கொண்டுவந்தான். அப்படியே பொருந்தியது.

அடுத்தது பெட்ரோல். எத்தனால் 20 சதவீதம் கலந்து வர ஆரம்பித்த பிறகு பெட்ரோல் ஹோஸ் ஊறி, நகத்தால் கீறினால் உதிர்கிற மாதிரி ஆகிவிட்டது. சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எத்தனால் தாங்கும் ஹோஸ் மொத்தமாக மாற்றினேன், பம்பின் டயாஃபிரமும் மாற்றினேன். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கில் பெட்ரோலை விடாதீர்கள், ஈரத்தை இழுத்துக்கொள்கிறது.

ரெடிங், 1972 எம்ஜிபி ஜிடி:

இரண்டு கார்புரேட்டரையும் சமப்படுத்துவது எனக்கு இன்னும் வரவில்லை. கருவி வாங்க வேண்டுமா? டாப்பெட்டும் (வால்வு இடைவெளி) எப்படிப் பார்ப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

கவென்ட்ரி, ஸ்பிட்ஃபயர் 1500:

ரெடிங் நண்பருக்கு. முதலில் டாப்பெட், அது சரியாக இல்லாமல் கார்புரேட்டரைத் தொடுவது வீண். ஒன்பது கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்யலாம், ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது, எப்போதும் கூட்டினால் ஒன்பது. எம்ஜிபிக்கும் இதே கணக்கு ஒத்துவரும். ஸ்பிட்ஃபயருக்கு இடைவெளி இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 10 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு), உங்கள் வண்டிக்கு எவ்வளவு, சூட்டிலா குளிரிலா என்பதைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவி வேண்டாம். இரண்டு அடி ரப்பர் குழாய் போதும். ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் ஒரே இடத்தில் பிடித்து அந்த உஸ் சத்தத்தைக் கேளுங்கள், இரண்டும் ஒன்றாகும்வரை ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகுங்கள். பெட்ரோல், காற்றுக் கலவைக்கு, கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மயிரிழை தூக்கிப் பாருங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், இன்ஜின் நிற்கப் பார்த்தால் பெட்ரோல் போதவில்லை, லேசாகக் கூடிப் பழைய வேகத்துக்கே வந்தால் சரி. டாஷ்பாட்டில் (கார்புரேட்டரின் மேலே இருக்கும் எண்ணெய்க் கிண்ணம்) எண்ணெய் இருக்கிறதா என்று அதற்கு முன்னால் பாருங்கள், பலர் அதை மறந்துவிட்டு நாள் முழுக்கத் திருகிக்கொண்டிருக்கிறார்கள்.

சென்னை நண்பருக்கு: பாரத மாதா தெரு. தெரிந்தவராக இருந்தால் அப்பாவைப் போய்ப் பாருங்கள், வண்டியோடு போனால் ரொம்பச் சந்தோஷப்படுவார். புது ட்ரனியனுக்கு ஆயில் விட, கிரீஸ் அடித்துக்கொண்டிருந்த பழைய கிரீஸ் கன்னைக் (அடிக்கும் பம்ப்) கழுவிப் பயன்படுத்தாதீர்கள், எவ்வளவு கழுவினாலும் உள்ளே கொஞ்சம் ஒட்டியிருக்கும். ஆயிலுக்கென்று தனியாக ஒன்று வாங்கி, மேலே சீட்டு ஒட்டி வையுங்கள். முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, சக்கரத்தை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து ஒடித்து, ஆயில் மேல்பக்கம் வழிகிறவரை அடியுங்கள்.