நாமே முன்நின்று செய்தும் பிள்ளைகள் ஏன் சேர்ந்து வருவதில்லை?

கேள்வி

வணக்கம். கடந்த ஜூன் முதல் ஒரு மாணவர் விடுதியில் காப்பாளராக இருக்கிறேன். இங்கே 62 பிள்ளைகள் தங்கியிருக்கிறார்கள். சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் தொட்டியில் போட்டுவிட்டுப் போகும் பழக்கத்தை மாற்றுவதற்காக, திட்டுவதை விட்டுவிட்டு, இரண்டு வாரமாக நானே அந்தத் தட்டுகளைக் கழுவி வருகிறேன். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கிப் போகிறார்களே தவிர, ஒருவரும் அருகில் வருவதில்லை. நேற்று ஒரு சிறுவன் என்னைக் கண்டதும் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். நான் எங்கே தவறுகிறேன்?

பதில் 1

தட்டுகளைக் கழுவும்போது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள், ஐயா. நான் செவிலியர் கண்காணிப்பாளராக இருந்தபோது, படுக்கை விரிப்புகள் நேரத்துக்கு மாற்றப்படாததைக் கண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் நானே மாற்றத் தொடங்கினேன். மூன்றாம் நாள் ஓர் இளம் செவிலி, "அக்கா, நீங்கள் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலிக்காது" என்று சொல்லிக் கண்கலங்கினாள். மறுநாள் விரிப்பின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்து, அவள் ஊர்த் திருவிழாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டே மாற்றினேன். அதன் பிறகு அந்த வேலையை நான் யாருக்கும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

பதில் 2

அக்கா சொல்வதுதான் சரி. 1910ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் அருகே, நண்பர் ஹெர்மன் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர் நிலத்தில் காந்தி நடத்திய டால்ஸ்டாய் பண்ணையில், சமையல் முதல் கழிவு அகற்றுவது வரை எல்லா வேலைகளையும் அங்கே வாழ்ந்தவர்களே செய்தார்கள். ஆசிரியர் செய்யாத எதையும் பிள்ளைகளைச் செய்யச் சொல்லக்கூடாது என்ற விதி இருந்ததால், ஒவ்வொரு வேலையிலும் ஆசிரியர் ஒருவர் கூடவே நின்று உழைத்தார் என்றும், அதனால் பிள்ளைகள் எதையும் மகிழ்ச்சியோடு கற்றார்கள் என்றும் காந்தி எழுதியிருக்கிறார். பிள்ளைகளுக்குப் பதிலாகச் செய்யாமல் அவர்களோடு சேர்ந்து செய்தார் என்பதைக் கவனியுங்கள்.

நம்மவர்களுக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. கப்பல் பயணங்களிலும் சிறையிலும், ஜி.யு. போப் எழுதிய தமிழ்க் கையேட்டைக் கொண்டு கற்ற சிறிதளவு தமிழை வைத்துக்கொண்டு, தம்மைவிட நன்றாகத் தமிழ் பேசிய பண்ணைப் பிள்ளைகளுக்கே காந்தி தமிழ் கற்பித்தார்; தமக்குத் தெரியாததை மறைக்காததால், அவர்களின் அன்பையும் மதிப்பையும் இழக்காமல் உற்சாகமாகவே பாடம் நடத்த முடிந்தது. குறும்புகளைச் சில நேரம் கண்டும் காணாமல் விட்டாலும் பல நேரம் கண்டிப்பாகவே இருந்திருக்கிறார் என்பதால், கண்டிப்பை நீங்கள் முற்றிலும் கைவிட வேண்டியதில்லை.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. என் மௌனமே பிள்ளைகளைக் குத்திக்காட்டியிருக்கிறது என்பது இப்போதுதான் உறைக்கிறது. நேற்றிரவு அடிப்பிடித்த சாம்பார் அண்டாவை முற்றத்துக்கு இழுத்து வந்து, "இதைத் தேய்க்கும் வித்தை எனக்குத் தெரியவில்லை, யாராவது சொல்லிக் கொடுங்கள்" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். தட்டை மறைத்த அதே சிறுவன்தான் முதலில் வந்தான். தன் பாட்டி செய்வதுபோல் சாம்பலையும் தேங்காய் நாரையும் வைத்துத் தேய்த்துக் காட்டினான்; நான் சரியாகத் தேய்க்காத இடங்களை விரல் வைத்துச் சுட்டிக்காட்டவும் செய்தான். அவனோடு இன்னும் மூவர் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் இன்னும் திண்ணையிலிருந்தே வேடிக்கை பார்க்கிறார்கள். இன்றிரவு சோற்று அண்டாவையும் வெளியே எடுத்து வைக்கப்போகிறேன்.